ஏழாவது செடியின் பெயர்ப் பலகை

1

மாலை ஆறு மணி நாற்பத்தெட்டு நிமிஷம். நான் முதலில் பார்த்தது என் மனைவி நாகம்மாவின் கையிலிருந்த பெயர்ப் பலகையை. தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான மரத்துண்டு. கீழ்முனையில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. பின்கட்டுத் தோட்டத்தின் சேற்றுத் தொட்டியிலிருந்து அப்போதுதான் அதைப் பிடுங்கியிருந்தாள். இரண்டாவதாகப் பார்த்தது வேலிக்கு வெளியே மூன்று கறுப்புக் குடைகளை. தோட்டப் போட்டியின் நடுவர்கள் வந்துவிட்டார்கள். நான்கு மணிக்கு வந்திருக்க வேண்டியவர்களை மழை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பிடித்து வைத்திருந்தது.

போட்டி விதிப்படி தோட்டத்தில் குறைந்தது எட்டு மூலிகைகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை வேண்டும். பலகை இல்லாத செடி கணக்கில் சேராது. எங்களிடம் இருந்தவை சரியாக எட்டு. ஒன்றின் பலகை அவள் கைக்கு வந்துவிட்டதால் அந்த நிமிஷத்தில் ஏழு.

"திருப்பி நட்டுடு, நாகம்மா" என்றேன்.

"விளக்கு வச்சாச்சு" என்றாள்.

சமையலறைக் கதவு வழியே பார்த்தேன். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் அகல் எரிந்துகொண்டிருந்தது.

இது போன வருஷம் சிங்கப்பூரில் நடந்தது. இன்று காலைத் தபாலில் ஒரு கடிதம் வந்ததால் இப்போது எழுதுகிறேன்.

2

என்னைப் பற்றித் தேவையான அளவு மட்டும். சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி. சென்னையில் ஒரு தினசரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பிறகு இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். வந்து பத்து வருஷம் ஆகிறது. நாகம்மா ஊத்துக்கோட்டைப் பெண். மகள் கோமளா கப்பலேறியபோது ஐந்து வயது. இப்போது பதினைந்து. வீட்டில் என்னை 'நைனா' என்பாள். பள்ளிக்கூடத் தோழிகள் உடனிருந்தால் 'டாடி'. இரண்டுக்கும் நான் திரும்பிப் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

வீடு குடியிருப்பு அலுவலகத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர். வரிசையில் பதினாறு வீடுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பதினெட்டு அடி நீளம், பதினோரு அடி அகலத்தில் ஒரு துண்டு மண். போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்தத் துண்டு நிலங்களில் சிமெண்டு போட்டுச் சைக்கிள் கொட்டகை கட்டப் போகிறார்கள். தோட்டமாகவே வைத்துக்கொள்ள விரும்பும் குடித்தனக்காரர் போட்டியில் சேர வேண்டும். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, விதிகளின்படி தேறினால் நிலத்துக்கு அனுமதிச் சீட்டு உண்டு. தேறாவிட்டால் சிமெண்டு. மலர், காய்கறி, மூலிகை என்று மூன்று பிரிவுகள். மூலிகைப் பிரிவில் ஒரு நிபந்தனை கூடுதல்: எட்டுச் செடிகளும் ஒரே நோக்கத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

ஆங்கிலச் சுற்றறிக்கையோடு தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றும் இருந்தது. அதில் மூலிகை என்ற இடத்தில் 'புல்' என்று அச்சாகியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் இரண்டு நாள் தீவிரமாக யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், அருகம்புல் ஒண்ணு, கோரைப்புல் ரெண்டு. மத்த ஆறு புல்லுக்கு நான் எங்க போவேன்?"

ஆபீசுக்குத் திருத்தம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அவர் காய்கறிப் பிரிவில் சேர்ந்துவிட்டார்.

3

எந்த நோக்கம் என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள்.

நான் வாசனைத் தோட்டம் என்றேன். மருக்கொழுந்து, தவனம், வெட்டிவேர் என்று ஒரு பட்டியலும் எழுதினேன். திருவள்ளூர்ப் பூக்கடைகளில் மருக்கொழுந்துக் கட்டு மணக்கும். எங்கள் மண்ணின் மணம் அதுதான் என்று அரைப்பக்கக் குறிப்பும் தயார் செய்தேன்.

கோமளா சூப்புத் தோட்டம் என்றாள். பள்ளிக்கூடத்தில் வீட்டு விஞ்ஞான டீச்சர் கொடுத்த பட்டியல் அவள் கையில் இருந்தது. பார்ஸ்லி, செலரி, இன்னும் நான் அச்சில் மட்டுமே பார்த்த சில பெயர்கள்.

"சூப்பு குடிக்கிற மூஞ்சப் பாரு" என்றாள் நாகம்மா. "ரசத்துல கெடக்கிற கொத்தமல்லிய ஒதுக்கி வைக்கிறவதானே நீ?"

"அம்மா, அது ரசம். இது சூப்பு."

"ரெண்டும் தண்ணிதான். ஒண்ணுல உப்பு கீது."

என் கட்சி முதலில் தோற்றது. விதை கேட்டு ஊத்துக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மைத்துனன் வேணுவுக்கு எழுதினேன். பதில் இப்படி வந்தது: "மாமா, திருவள்ளூருக்குப் போய்ப் பூக்கடையிலேயே விசாரித்தேன். மருக்கொழுந்து நம் பக்கத்தில் விளைவதில்லையாம். தெற்கேயிருந்து கூடையில் ரயிலேறி வருகிறது. நீங்கள் பிறந்ததிலிருந்து ரயில் வாசனையைத்தான் ஊர் வாசனை என்று நினைத்திருக்கிறீர்கள்." செய்தியைச் சரிபார்க்காமல் எழுதியவன் திருத்தம் வெளியிட வேண்டும். வெளியிட்டேன். வாசகர்கள் இருவர். இருவரும் சிரித்தார்கள்.

கோமளாவின் கட்சியை மழை தோற்கடித்தது. பார்ஸ்லி முளைத்து ஒன்பதாம் நாள் அழுகிவிட்டது.

நாகம்மா பட்டியல் எதுவும் எழுதவில்லை. கோமளாவிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தாள்.

"பின்னால கதவுல யார் வர்றாங்க, இன்னா எலை கேக்குறாங்கன்னு எழுதிக்கினே வா. ரெண்டு வாரம்."

"எதுக்கும்மா?"

"நமக்கு இன்னா வேணும்னு நீயும் நைனாவும் சண்ட போட்டுக்கினு கீறீங்க. வேணும்னு வர்றவங்கள யாரும் கேக்கல."

அந்த நோட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பதினான்கு நாளில் பின்கதவு தட்டப்பட்டது முப்பத்தொரு தடவை. கறிவேப்பிலைக்கு ஐந்து, புதினாவுக்கு மூன்று, பெரியவர்களின் சளிக்கு இரண்டு. மீதி இருபத்தொன்றும் கைக்குழந்தைகளுக்காக. மூன்றாம் நம்பர் மலாய்க்காரப் பெண் நான்கு தடவை வந்திருக்கிறாள். பதினோராம் நம்பர் சீனப் பெண் ஆறு தடவை, ஒரு தடவை குழந்தையையே தூக்கிக்கொண்டு. கோமளா ஒவ்வொரு வரிக்கும் எதிரில் நேரத்தையும் குறித்திருந்தாள். நிருபர் வேலைக்கு அவள் தகுதியானவள் என்று சொன்னேன். வேறு வேலை கிடைக்காதா என்று கேட்டாள்.

நோக்கம் அப்படித்தான் முடிவாயிற்று: ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு வேண்டியவை. விண்ணப்பத்தில் 'கைக்குழந்தைத் தோட்டம்' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதினேன். ஆபீஸ் குமாஸ்தா பத்திரிகை அலுவலகத்துக்கு டெலிபோன் செய்தார். பின்கட்டில் வளர்ப்பது செடிகளைத்தானா என்று உறுதி செய்துகொண்டார்.

4

செடிகளைத் தேர்ந்தெடுத்தது முழுக்க நாகம்மா. துளசியும் கற்பூரவல்லியும் சளிக்கு. வெற்றிலை, வயிறு உப்பினால் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டித் தொப்புளைச் சுற்றிப் போட. நொச்சி, குளிப்பாட்டும் வெந்நீருக்கு. வேலிப்பருத்தி, பால் செரிக்காமல் வரும் மாந்தத்துக்கு. அதன் நாற்றம் பற்றி நான் ஆட்சேபம் தெரிவித்தேன். குழந்தைக்கு மூக்கு இன்னும் சரியாகத் திறக்கவில்லை, உங்களுக்காக அது நடப்படவில்லை என்று பதில் வந்தது. பேய்மிரட்டி, பல் முளைக்கும் காலத்து வயிற்றுப் போக்குக்கு. குப்பைமேனியைத் தேட வேண்டியிருக்கவில்லை. நகராட்சிச் சாக்கடை ஓரத்தில் தானாகவே வளர்ந்திருந்தது. கோமளாதான் பார்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தாள்.

இத்தோடு ஏழு ஆயின. நாகம்மாவின் வரிசையில் ஏழாவது இடத்தில் நின்றது வேறொன்று. குப்பைமேனி எட்டாவது. அந்த ஏழாவதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் எழுதுவது பகல் பதினொரு மணிக்கு. ஆனால் நீங்கள் எந்த நேரத்தில் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

கத்திபோல் நீண்ட இலை. சேற்றில்தான் வளரும். கணுக்கணுவான கிழங்கைக் காயவைத்து, விளக்கில் சுட்டு, கல்லில் உரைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். கோத்துக் கையில் வளையலாகவும் போடுவார்கள். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் மருந்து பலிக்காது. மாலையில் கடைக்குப் போகிறவர்கள் 'பேர் சொல்லாதது' என்று கேட்பார்கள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருவார். உங்களில் பாதிப்பேருக்கு இந்நேரம் அது எது என்று தெரிந்திருக்கும்.

5

அந்தச் செடி எங்களிடம் வந்த கதை இது. ஆந்திரம் தனியாகப் பிரிந்த மறு வருஷம் லீவில் ஊருக்கு வந்திருந்தோம். பள்ளிப்பட்டு எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதுதான் ஊத்துக்கோட்டை டீக்கடைகளில் பேச்சு. நான் அதை எழுதலாம் என்று நோட்டோடு உட்கார்ந்தேன். நாகம்மா என்னைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வழியில் ஒரு வயலில் அந்தச் செடி இருப்பதாக வேணு சொல்லியிருந்தான். நாங்கள் மாட்டு வண்டியில். வேணு சைக்கிளில் முன்னால்.

கமலைக் கிணறு. அதன் வாய்க்கால் முடிகிற இடத்தில் சேற்றுக் குழி, குழி நிறையக் கத்தி இலைகள். வேணு சைக்கிளில் உட்கார்ந்தபடியே வயல்காரரைப் பார்த்து, செடியின் பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று உரக்கக் கேட்டான். நாகம்மா வண்டியிலிருந்து குதித்துப் போய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பட்டப்பகல், அக்கா! சூரியன் மண்டமேல கீது, பாரு."

"உன் வாய்க்கு ஏதுடா பகலு, பொழுது போனது? இப்ப பழகிக்கினா விளக்கு வச்சப்புறமும் தானா வரும்."

வயல்காரர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார். "எத்தினி பிள்ளம்மா உனக்கு?"

"இவ ஒருத்திதான். பதினொண்ணு ஆவுது."

"பதினொரு வயசுப் பொண்ணுக்கா இத்த உரைச்சிக் குடுக்கப் போற?"

"அந்த ஊர்ல பிள்ளையே பொறக்காதா, நைனா?" என்று நாகம்மா அவரையே திருப்பிக் கேட்டாள்.

அவர் முளையோடு நான்கு கிழங்குகளைத் தோண்டி, வாய்க்கால் தண்ணீரில் அலசி, வாழைப்பட்டையில் கட்டிக் கொடுத்தார். கோமளா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள். கணுக்கால் வரை சேறு. எப்போது சிங்கப்பூருக்குத் திரும்பிப் போவோம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

சென்னைத் துறைமுகத்தில் செடி கொண்டுபோக ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. மண் ஒட்டியிருக்கக் கூடாது, வேர் கழுவியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது. தாவரத்தின் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் குமாஸ்தா பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். நாகம்மா என்னைப் பார்த்தாள்.

"மணி இன்னா?"

"பத்தே கால்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்க கைக்கடியாரம் அப்பப்ப நின்னுடும்."

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து பதினாறும்மா" என்றார். அதன் பிறகு அவள் பெயரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். எட்டு நாள் கழித்து சிங்கப்பூர்ச் சுங்கத்தில் ஓர் அதிகாரி கட்டைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, தும்மிவிட்டு, எங்களைப் போகச் சொன்னார்.

6

இங்கே சேறு கிடைத்தது. ஆனால் சேற்றுக்கு அனுமதி கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்குக் கொசு இன்ஸ்பெக்டர் வருவார். பெயர் டான். ஐம்பதை நெருங்கிய சீனர். கையில் நீண்ட கம்பு, இடுப்பில் எண்ணெய் டப்பா. தண்ணீர் தேங்கிய இடம் எங்கிருந்தாலும் கம்பால் குத்திப் பார்ப்பார், எண்ணெய் ஊற்றுவார், நோட்டீஸ் எழுதுவார். எங்கள் சேற்றுத் தொட்டிக்கு முதல் ஆறு மாதத்தில் மூன்று நோட்டீஸ். அவற்றைத் தேதி வாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது நோட்டீசுக்குப் பிறகு நாகம்மா தொட்டியின் பக்கத்தில், சேற்று மட்டத்துக்குச் சரியாக, ஆணியால் வரிசையாகத் துளை போட்டாள். மழை பெய்தாலும் தண்ணீர் மேலே நிற்காமல் வழிந்து போகும். ஏரிக்கு மடை மாதிரி என்றாள். அடுத்த செவ்வாய் அவர் வந்ததும் அவரிடம் பேசியவளும் அவள்தான். மலாயும் ஊத்துக்கோட்டையும் கலந்த ஒரு பாஷையில்.

"ஆயர் தாடா, துவான். தண்ணியே இல்ல. சேறு மட்டும்தான் கீது. குத்திப் பாரு."

அவர் குத்தினார். கம்பில் சேறுதான் வந்தது. இன்னோர் இடத்தில் குத்தினார். நோட்டீஸ் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வந்து குத்துவார். அவர் பார்வை எப்போதும் சேற்றின் மேல்தான். இலையை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் உத்தியோகம் தண்ணீரைப் பார்ப்பது.

போட்டிக்குப் பலகை எழுதும் வேலை கோமளாவுக்கு. பேய்மிரட்டியை 'பேயைப் பயமுறுத்துவது' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தானே சிரித்தாள். ஏழாவது பலகையில் புத்தகத்தைப் பார்த்து லத்தீன் பெயரை எழுதினாள். நாகம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அதும் பேருதானா?"

"ஆமாம்மா. லத்தீன்."

"எந்த பாஷையில கூப்ட்டாலும் அத்ததானே கூப்புடுற? ராத்திரி முச்சூடும் இந்தக் கட்ட அதுங்கிட்ட நின்னுக்கினு பேரச் சொல்லிக்கினே இருக்கும். வேணாம்."

"கட்டை பேசாதும்மா."

"பின்ன எதுக்கு எழுதுற?"

வேறு பெயர் எழுதலாமா என்று ஆபீசுக்கு டெலிபோன் செய்து கேட்டேன். 'பேர் சொல்லாதது' என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். வேறொருவர் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும் என்றார்கள்.

கடைசியில் ஒரு சமரசம். காலையில் கோமளா பள்ளிக்கூடம் போகுமுன் பலகையை நடுவாள். மாலை விளக்கு வைக்குமுன் எடுத்துவிடுவாள். அர்த்தமில்லாத காரியம் என்று தினமும் ஒரு தடவை ஆங்கிலத்தில் சொல்வாள். மூன்று வாரத்தில் ஒரு நாளும் அவள் மறந்ததில்லை. நடுவர்கள் வருவது சனிக்கிழமை நான்கு மணிக்கு என்று கடிதம் வந்தபோது மூவருக்கும் நிம்மதி. நான்கு மணி நல்ல வெளிச்சம்.

7

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். கோமளா கதவைத் திறக்கப் போயிருந்ததால் பலகையை நாகம்மாவே பிடுங்கியிருந்தாள். குடைகள் உள்ளே வந்தன. முதல் குடையின் கீழ் ஆபீஸ் தலைமை அதிகாரியின் மனைவி, வெள்ளைக்கார அம்மாள், அட்டையில் செருகிய போட்டிப் பாரத்தோடு. இரண்டாவதில் ஒரு குமாஸ்தா. மூன்றாவதில் மிஸ்டர் டான். கம்பைக் கொண்டு வந்திருந்தார்.

அம்மாள் ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துப் பாரத்தில் எழுதிக்கொண்டார். கோமளா கூடவே நடந்து எதற்கு எது என்று விளக்கினாள். பேய்மிரட்டியிடம் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது சேற்றுத் தொட்டி.

"இதன் பெயர் எங்கே?"

எனக்கு அந்தப் பெயர் மூன்று மொழிகளில் தெரியும். பதினெட்டு அடி நிலம் எனக்கும் வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் கோமளா ஆங்கிலத்தில் சொன்னாள்:

"மன்னிக்க வேண்டும், மேடம். விளக்கு ஏற்றிய பிறகு நாங்கள் இதன் பெயரைச் சொல்வதில்லை."

'என் அம்மா சொல்வதில்லை' என்று அவள் சொல்லியிருக்கலாம். 'நாங்கள்' என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாள் கோபப்படவில்லை. பாரத்தைப் பார்த்தார், கோமளாவைப் பார்த்தார். "விதி அப்படி இருக்கிறதே, குழந்தாய்" என்றார். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார்.

நாகம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னா சொல்றாங்க?"

"பேர் இல்லாட்டிச் சேர்த்துக்க முடியாதுங்கிறாங்க."

அவள் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். தோட்டத்தைப் பார்த்தாள். "சிமெண்ட்டு போட்டா, அந்த பதினொண்ணாம் நம்பர் பொண்ணு எங்க போவும்?" என்றாள். பலகையை மட்டும் அவள் திருப்பி நடவில்லை.

மிஸ்டர் டான் பழக்க தோஷத்தில் தொட்டியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பை வெளியே இழுக்கும்போது ஓர் இலை கம்போடு சிக்கி நசுங்கியது. மழைக் காற்றில் அதன் மணம் எழுந்தது. அவர் நின்றார். குனிந்து இலையை எடுத்தார். விரலால் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். மூன்று வருஷமாக அவர் குத்திக்கொண்டிருந்த தொட்டி அது.

நாகம்மாவைப் பார்த்து மலாயில் வேகமாக ஏதோ சொன்னார். கோமளா மொழிபெயர்த்தாள். "அவங்க அம்மா வருஷா வருஷம் அஞ்சாம் மாசம் இந்த எலையை வாசக்கதவுல கட்டுவாங்களாம், அம்மா."

"எதுக்காம்?"

"கெட்டது உள்ள வராம இருக்க."

"அதான! பிள்ளைக்கும் அதுக்குத்தான் குடுக்குறோம்." நாகம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மூணு வருஷமா இந்தாளு கையில குச்சிய வச்சிக்கினு இத்தப் போயி குத்திக்கினு கெடந்தாரே!"

கோமளா இதை மொழிபெயர்க்கவில்லை. டான் வெள்ளைக்கார அம்மாளிடம் திரும்பி, "எனக்கு இது தெரியும், மேடம். இதன் பெயர்..." என்று ஆரம்பித்தார். நாகம்மா சட்டென்று உள்ளங்கையை உயர்த்தினாள்.

"ஜாங்கான்! சொல்லாத!"

அவர் அப்படியே நிறுத்தினார். அகல் எரிவதைக் கோமளா சுட்டிக் காட்டினாள். அவர் சமையலறைக் கதவு வழியே எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கக் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வேறொருவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்பதுதானே விதி?" என்று அவர் அம்மாளைக் கேட்டார். "நான் பார்த்துவிட்டேன். சொல்லக் கூடாது என்கிறார்கள். எழுதலாமா?"

அம்மாள் பென்சிலை நீட்டினார். டான் குனிந்து பாரத்தில் ஏழாவது வரியில் எழுதினார். அம்மாள் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இது ஒரு பெயரா, மிஸ்டர் டான்?"

"ஆமாம், மேடம். சரியான பெயர்."

"எட்டு" என்று அம்மாள் எழுதினார்.

அவர்கள் போன பிறகு நாகம்மாவைக் கேட்டேன். "அவர் எழுதிட்டாரே, அது பரவாயில்லையா?"

"அது செடிகிட்ட நிக்காது. ஆபீசுக்குப் போயிடும். ஆபீச அஞ்சு மணிக்கே பூட்டிடுவாங்க."

கோமளா பக்கத்தில் நின்று பலகையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நைனா, உங்க முகத்தைப் பாத்தேன். நீங்க சொல்லியிருப்பீங்க" என்றாள்.

8

மூலிகைப் பிரிவில் முதல் பரிசு நான்காம் வரிசையிலிருந்த ஒரு தேநீர் மூலிகைத் தோட்டத்துக்கு. எங்களுக்கு மூன்றாம் பரிசாக ஒரு பூவாளி வந்தது. அதன் குழாய் முனை முதல் நாளே கழன்றுவிட்டது. அனுமதிச் சீட்டு ஒரு வருஷத்துக்கு.

பதினோராம் நம்பர்க் குழந்தை இப்போது நடக்கிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்கதவு வரை வந்து, துளசியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறது. நாகம்மா அதைத் திட்டும் பாஷை ஊத்துக்கோட்டையுடையது. குழந்தைக்கு எல்லாம் புரிகிறது.

இந்த வருஷம் சீனர்களுடைய ஐந்தாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மிஸ்டர் டான் கம்போடு ஒரு கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். முதலில் தொட்டியைக் குத்திப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு இலைகள் வெட்டிக்கொண்டார். வேணுவுக்கு இதை எழுதியதும் அவனுக்கு ஒரே சந்தேகம்: "அவர் வீட்டில் கதவில் கட்டியதும் பெயர் சொல்லுவார்களா, மாமா? அக்காவைக் கேட்டு எழுதவும்." கேட்டேன். அவங்க கதவு, அவங்க இஷ்டம் என்றாள்.

கோமளா இப்போதும் காலையில் பலகையை நட்டு மாலையில் எடுக்கிறாள். போட்டி முடிந்துவிட்டது, இனிமேல் பலகையே தேவையில்லை என்று ஒரு நாள் சொன்னேன். தெரியும் என்றாள்.

இன்று காலை வந்த கடிதத்தில் புதுப்பித்த அனுமதிச் சீட்டு இருந்தது. இந்தத் தடவை மூன்று வருஷத்துக்கு. செடிகளின் பட்டியலை ஆபீசில் சுத்தமாக டைப் அடித்திருக்கிறார்கள். ஏழாவது வரியில் மட்டும் டைப் இல்லை. யாரோ பேனாவால் இரண்டு சீன எழுத்துகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சீனம் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.